மாற்று நாணயத்தைத் தாங்கி நிற்பவர்களுக்கு நன்றியை எதில் கொடுப்பது?

வாசகர் ஒருவரின் கேள்வி, வவுனியா, 2024 பெப்ரவரி 3

"ஒவ்வோர் இணைய நாணயக் குழுவும் ஆண்டு முடிவில் 'எங்கள் சமூகத்திற்கு நன்றி' என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுகிறது. உழைத்தவர்களுக்கு வாய்வார்த்தை எதற்கு? நாணயம் உங்கள் கையில்தானே இருக்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுத்தால் நன்றியும் முடிந்தது, கணக்கும் முடிந்தது. கிளிநொச்சிப் பக்கம் புள்ளிக் கணக்கு நடத்துகிற நீங்கள் இதை ஏன் செய்யவில்லை?"

2024 பெப்ரவரி 3, இரவு

நாணயம் எங்கள் கையில் இல்லை. பரந்தனுக்குக் கிழக்கே சில குடும்பங்கள் சேர்ந்து நாங்கள் செய்வது நாணயம் வெளியிடும் வேலையன்று. ஒருவர் மற்றவருக்குக் கடன்பட்டிருப்பதை இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு கணக்குத் தாளில் எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான். ஒவ்வொரு கணக்கும் பூச்சியத்தில் தொடங்குகிறது. ஒருவர் தமது லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து இன்னொருவரின் தோட்டத்தை உழுது கொடுத்தால், உழுதவருக்குச் சக (கூட்டல்) இருபது புள்ளி, தோட்டக்காரருக்குச் சய (கழித்தல்) இருபது புள்ளி. தோட்டக்காரர் பிறகு யாருக்காவது வெண்டிக்காயோ வேலையோ கொடுத்து அந்தச் சயத்தைக் குறைப்பார். ஊர் முழுவதன் கணக்கையும் கூட்டினால் எந்த நாளிலும் விடை பூச்சியம்தான்.

இப்போது யாருக்காவது நன்றியாக ஐம்பது புள்ளி எழுத வேண்டுமென்றால், அந்த ஐம்பதை யாருடைய சயமாக எழுதுவது? ஒருவருடைய பெயரிலும் எழுதாமல் விட்டால் கூட்டுத்தொகை பூச்சியமாக இராது, ஊரில் யாரும் கொடுக்க ஒப்புக்கொள்ளாத ஐம்பது புள்ளிப் பொருளுக்கு ஒரு சீட்டு வெளியே போயிருக்கும். 2022 இல் ரூபாவுக்கு நேர்ந்ததைப் பார்த்துத்தான் நாங்கள் இந்தக் கணக்கைத் தொடங்கினோம். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். நன்றி என்ற பெயரில் ஈடில்லாமல் புள்ளியைப் பெருக்கி அதையே சிறிய அளவில் செய்ய எனக்கு மனமில்லை.

2024 பெப்ரவரி 4

நேற்று எழுதியதை மீண்டும் வாசித்தபோது, ஏன் கொடுக்க முடியாது என்பதை மட்டும் சொல்லியிருக்கிறேன் என்று பட்டது. யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதை நான் தொடவே இல்லை. அதற்கு முன், இந்த முறை எங்கள் கண்டுபிடிப்பு அன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள கோமொக்ஸ் பள்ளத்தாக்கில் 1983 இல் மைக்கேல் லின்டன் என்பவர் இதையொத்த கணக்கைத் தொடங்கினார். ஊரில் வேலை இருந்தது, வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள், டொலர் மட்டும் இருக்கவில்லை. இருக்கிற வேலையையும் இருக்கிற ஆட்களையும் டொலருக்காகக் காத்திராமல் இணைப்பதே அவருடைய நோக்கம். அதை முழுமையாக இணையத்துக்குக் கொண்டு வந்தவர்களில் தென்னாபிரிக்கர் டிம் ஜென்கின் முக்கியமானவர். கேப்டவுனில் 2003 இல் அவர் தொடங்கிய சமூகப் பரிமாற்ற முறையைப் பிறகு பல நாடுகளின் ஊர்க்குழுக்கள் எடுத்துக்கொண்டன. இதே மனிதர்தான் 1979 இல் பிரிட்டோரியாச் சிறையில் மரத்தால் சாவிகள் செய்து, கதவு கதவாகத் திறந்துகொண்டு இரண்டு தோழர்களுடன் தப்பியவர். வங்கிக் கதவைத் தட்டாமல் கணக்குத் திறக்க வழி கண்டவரும் அவரே என்பது எனக்குப் பொருத்தமாகத்தான் தெரிகிறது.

ஆனால் லின்டனுக்கும் ஜென்கினுக்கும் நன்றி சொல்ல உலகில் ஆட்கள் இருக்கிறார்கள். கோமொக்ஸில் முதன்முதலாகத் தமது உழைப்பைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வெறும் எண் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன அந்தப் பெயர் தெரியாத ஆளைத்தான் நான் யோசிக்கிறேன்.

2024 பெப்ரவரி 7

"இன்றைக்கு உங்கள் புள்ளி என்ன விலை போகிறது? வாங்கி வைத்தால் ஏறுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு புள்ளியை நூறு ரூபாவாக மதித்துத் தொடங்கினோம். நேற்று ஒரு புள்ளிக்கு ஒரு தேங்காய், அதுவும் சிறியது. ஏற வேண்டுமென்றால் நீங்கள் தென்னைதான் நட வேண்டும்.

விளையாட்டுக்கு அப்பால் ஒன்று. மூன்று மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று கைத்தொலைபேசிச் செயலியைக் காட்டிக்கொண்டு வன்னிக்குள்ளும் ஆட்கள் திரிகிறார்கள். அவர்களும் "எங்கள் சமூகம்", "எங்கள் ஆதரவாளர்கள்" என்றுதான் பேசுகிறார்கள், விடுதி மண்டபத்தில் பொன்னாடை போர்த்தி நன்றியும் சொல்கிறார்கள். மெய்நிகர் நாணயங்களைப் பற்றி இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆள் சேர்த்து ஆள் சேர்த்துப் பணம் திரட்டும் பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டவை. அங்கே நன்றி பெறுபவர் அதிகம் பேரைச் சேர்த்தவர். ஒரு குழு எந்த வேலைக்காக நன்றி சொல்கிறது என்று பார்த்தாலே அது எப்படிப்பட்ட குழு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

2024 பெப்ரவரி 10

பிட்கொயினைப் பற்றி நான் ஏன் பேசுவதில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதன் விலையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதைத் தாங்கியவர்களைப் பற்றி நிறைய இருக்கிறது.

சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் பிட்கொயினை வகுத்து எழுதியவர் 2009 ஜனவரி 3 ஆம் திகதி முதலாவது தொகுதியை, அதாவது அதன் பொதுக்கணக்கின் முதற்பக்கத்தை, உருவாக்கினார். அந்த மாதம் 12 ஆம் திகதி அவர் அனுப்பிய பத்து நாணயங்களைப் பெற்றுக்கொண்டவர் ஹால் ஃபினி என்ற நிரலாளர். அன்று அந்தப் பத்துக்கு ஒரு சதம்கூடப் பெறுமதி இல்லை. ஃபினி செய்தது, மென்பொருளை இறக்கித் தமது கணினியில் ஓடவிட்டு, கண்ட பிழைகளை எழுதி அனுப்பியதுதான். வாங்குவதற்கு மறுமுனையில் ஓர் ஆள் இல்லாவிட்டால் அனுப்புவது என்ற சொல்லுக்கே அங்கு பொருள் இருந்திராது.

அடுத்தது 2010 ஆகஸ்ட் 15. மொத்தம் 2 கோடி 10 இலட்சம் நாணயங்களுக்கு மேல் ஒருபோதும் உருவாகாது என்ற விதியோடு வந்த முறையில், எண்களைக் கூட்டும் நிரலிலிருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஒருவர் 18,400 கோடிக்கு மேற்பட்ட நாணயங்களை ஒரே பரிமாற்றத்தில் உருவாக்கிவிட்டார். அதை யாரோ ஒருவர் கவனித்துக் கூப்பாடு போட்டார், சில மணி நேரத்துக்குள் திருத்திய மென்பொருள் வெளியானது, கணினி ஓட்டியவர்கள் தாமாகவே அதை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், கள்ள நாணயங்கள் இருந்த கணக்குக் கிளை கைவிடப்பட்டது. கட்டளையிட ஒரு தலைமை அலுவலகம் இருக்கவில்லை. கேட்டதும் செய்தவர்கள் இருந்தார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2013 மார்ச் 11 ஆம் திகதியளவில் அந்த மென்பொருளின் புதிய 0.8 பதிப்பை ஓட்டியவர்களும் பழைய 0.7 பதிப்பை ஓட்டியவர்களும் தம்மையறியாமல் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். புதிய பதிப்பு தரவுகளை வேறு முறையில் சேமித்தது. அது ஏற்றுக்கொண்ட ஒரு பெரிய தொகுதியைப் பழைய பதிப்பால் விழுங்க முடியவில்லை. ஆகவே ஒரே நாணயத்துக்கு இரண்டு கணக்குப் புத்தகங்கள், இரண்டிலும் ஆட்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். கணினி வலு கூடுதலாக இருந்தது புதிய பதிப்பின் பக்கம், இருந்தும் பழைய பதிப்பை வைத்திருந்த கடைகளும் பரிமாற்ற நிலையங்களும் ஏமாறக் கூடாது என்பதற்காக எல்லோரும் பழையதற்குத் திரும்புவது என்று நிரலாளர்கள் முடிவு செய்து, அகழ்வுக் குழுக்களை, அதாவது பலருடைய கணினிகளைச் சேர்த்துப் புதிய தொகுதிகளை எழுதி வெகுமதி பெறும் குழுக்களை, நடத்தியவர்களிடம் கேட்டார்கள். அன்று ஒரு தொகுதிக்கு வெகுமதி 25 நாணயம். திரும்பிப் போனால், புதிய கிளையில் தாங்கள் எழுதிய தொகுதிகளின் வெகுமதி அத்தனையும் இல்லாமற்போகும். அது தெரிந்தே, பெரிய அகழ்வுக் குழு ஒன்று பழைய பதிப்புக்கு மாறியது, மற்றவர்களும் மாறினார்கள், சில மணி நேரத்தில் பழைய கிளை முந்திக்கொண்டது.

மாற்று நாணயத்தின் ஆதரவாளர் என்று நான் சொல்வது இப்படிப்பட்டவர்களை. தமது கணக்கில் ஏறியிருந்ததைப் பொதுக்கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக விட்டுக்கொடுத்தவர்கள். அவர்களுக்கு நன்றியாகப் புதிய நாணயம் எழுதிக் கொடுத்திருந்தால் செய்த காரியமே கெட்டுப்போயிருக்கும்.

2024 பெப்ரவரி 11

நேற்றைய குறிப்புக்கு மறுமொழியாக, டோஜ்கொயினையும் சேர்த்திருக்க வேண்டும், ஜமேக்காவின் பனிச்சறுக்கு வண்டி அணிக்கு அவர்கள்தானே பணம் சேர்த்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். 2013 டிசெம்பரில் பில்லி மார்கஸ், ஜாக்சன் பால்மர் ஆகிய இருவரும் பகிடிக்காகத் தொடங்கிய அந்த நாணயத்தின் ஆட்கள், 2014 ஜனவரியில் சோச்சி ஒலிம்பிக்குக்குப் போக வழியின்றி நின்ற அந்த அணிக்கு ஏறத்தாழ முப்பதாயிரம் டொலர் திரட்டிக் கொடுத்தார்கள்.

நான் எடுத்துக்கொள்ள விரும்புவது அதற்கு முந்திய மாதம் நடந்ததை. நாணயம் பிறந்த அதே மாதம், நத்தார் நாளில், மக்கள் தமது டோஜ்கொயினை வைத்திருந்த ஓர் இணையப் பணப்பைத் தளத்தை உடைத்துக் கோடிக்கணக்கான நாணயங்களை யாரோ களவெடுத்துவிட்டார்கள். இழக்காதவர்கள் தமது நாணயத்திலிருந்து கொடுத்து, இழந்தவர்களுக்கு ஈடுசெய்ய நிதி சேர்த்தார்கள். ஒலிம்பிக் உதவியை உலகம் பார்த்தது, நாணயத்துக்கு விளம்பரமும் கிடைத்தது. களவு கொடுத்தவனுக்குத் தன் பங்கைக் கொடுத்தவனுக்கு எந்த விளம்பரமும் இல்லை. எங்கள் மொழியில் சொன்னால் அவர் தமது சகத்தை இறக்கி மற்றவருடைய சயத்தை அடைத்தார். எங்கள் கணக்கில் இதற்கு இடமுண்டு, புதிதாக ஒன்றும் முளைக்கத் தேவையில்லை.

2024 பெப்ரவரி 17

போதும், ஊருக்கு வருகிறேன். "உங்கள் ஊரில் அப்படி யார் இருக்கிறார்கள், பெயரைச் சொல்லாமல் ஆளைச் சொல்லுங்கள்" என்று கேட்டவருக்கு இந்தக் குறிப்பு.

முரசுமோட்டைப் பக்கம் மதகடியில் ஓர் அக்கா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தகரக் கூரை, முன்னால் ஒரு வாங்கு, தேங்காயெண்ணெய்ப் போத்தல்கள், ஒரு பழைய நிறுவைத் தராசு. புள்ளிக் கணக்குத் தொடங்கிய காலத்தில் வேலைக்கு வேலை மாறுவது மட்டும்தான் நடந்தது. வேலி அடைத்தல், கிணறு இறைத்தல், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தல், தையல் என்று எல்லாம் ஓடியது. ஆனால் பருப்பும் சீனியும் புள்ளிக்குக் கிடைக்காத வரையில் அதைப் பாதிப் பேர் விளையாட்டாகத்தான் பார்த்தார்கள். எந்தக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கிளிநொச்சிச் சந்தையில் மொத்தமாக எடுக்கும்போது காசு வைக்க வேண்டும், அங்கே புள்ளி செல்லாது.

அந்த அக்காதான் வழி சொன்னார். "தம்பி, கொள்முதல் காசை எனக்குக் காசாத் தாங்கோ, என்ர இலாபத்தைப் புள்ளியா எழுதுங்கோ. புள்ளியைக் கொண்டுபோய் நான் பருப்பு மூட்டை எடுக்க ஏலாது, ஆனா உங்கட சனம் என்ர கடைக்கு வந்தால் எனக்குக் காணும்." பொருளாதாரம் படித்த எவரும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை. சுவிற்சர்லாந்தில் 1934 இல் தொடங்கி இன்றும் நடக்கும் வீர் வங்கி முறையில் வியாபாரிகள் விலையின் ஒரு பகுதியை வீர் என்ற அதன் சொந்தக் கணக்கு நாணயத்திலும் மறு பகுதியைச் சுவிஸ் பிராங்கிலும் வாங்குவது வழக்கம் என்பதைப் பின்னர்தான் வாசித்தேன். மதகடிக் கடைக்கு அது அதன் சொந்தத் தேவையிலிருந்தே வந்தது.

அந்த அக்கா எங்கள் இணையக் கணக்குத் தாளை நம்புவதில்லை. கடன் கொப்பியின் கடைசிப் பக்கங்களைத் திருப்பிவைத்து, சிவப்புப் பேனாவால் யார், என்ன பொருள், எத்தனை புள்ளி என்று எழுதி, மாத முடிவில் அந்தக் கொப்பியை, கைத்தொலைபேசிக்குக் காசேற்றும் (ரீலோட்) என் கடைக்குக் கொண்டுவந்து தொலைபேசித் திரையிலுள்ள கணக்கோடு வரிவரியாக ஒப்பிடுவார். நான் ரீலோட் போட வந்தவர்களைக் கவனிப்பதற்குள் அவர் இரண்டு வித்தியாசம் கண்டுபிடித்திருப்பார். கணக்கு இன்றுவரை நேராக நிற்பதற்கு அந்தச் சிவப்புப் பேனா ஒரு பெரிய காரணம்.

இப்போது சிக்கலைச் சொல்கிறேன். அவருடைய சகம் ஏறிக்கொண்டே போகிறது. எல்லோரும் அவரிடம் வாங்குகிறார்கள், அவருக்கு எங்களிடம் வாங்க அவ்வளவு இல்லை. உலகத்தில் இத்தகைய கணக்கு நடத்திய பலரும் கண்ட வியாதி இது. கடைக்காரரிடம் குவிந்து நின்றுவிடும், பிறகு அவர் அலுத்துப்போய் விலகுவார், அவரோடு கணக்கும் சரியும். வவுனியா வாசகர் சொன்னபடி அவருக்கு நன்றியாக இன்னும் நூறு புள்ளி எழுதினால், செலவழிக்க முடியாத குவியலின் மேல் இன்னும் ஒரு குவியல் ஏறும், அவ்வளவுதான்.

2024 பெப்ரவரி 18

சீட்டைப் பற்றி யாரும் இன்னும் பேசாதது வியப்பாக இருக்கிறது. சீட்டுப் பிடிப்பவர் முதலாவது சீட்டைத் தாம் எடுத்துக்கொள்வது இங்கு வழக்கம். வீடு வீடாகப் போய்க் காசு சேர்ப்பதற்கும், கட்டாதவருக்குப் பதில் சொல்வதற்கும் கொடுக்கும் நன்றி அது. அதில் யாருக்கும் மனக்குறை இல்லை, ஏனென்றால் அது சேரும்போதே தெரிந்த விதி. பிறகு நினைத்துக்கொண்டு கொடுக்கும் பரிசுதான் "அவருக்கு ஏன், எனக்கு ஏன் இல்லை" என்ற கதையைக் கிளப்பும்.

2024 பெப்ரவரி 25

சீட்டைப் பற்றிய குறிப்புக்குப் பிறகு எங்கள் குழுவிலேயே வாக்குவாதம் வந்துவிட்டது. அப்படியானால் கணக்கு எழுதுகிற உங்களுக்கும் விதிப்படி ஏதாவது வைக்கலாமே என்றார்கள். ஒவ்வொரு கணக்கிலிருந்தும் மாதம் ஒரு புள்ளியைப் பொதுக்கணக்குக்கு எடுத்து, அதிலிருந்து கணக்கெழுதுபவருக்கும், கைத்தொலைபேசி இல்லாத முதியவர்களிடம் நேரில் போய்க் கேட்டு வருகிற இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்பது முன்மொழிவு. அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் எனக்கு முழுச் சம்மதம். வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய், "ஆச்சி, இந்தக் கிழமை யாருக்கு என்ன கொடுத்தீங்கள்?" என்று கேட்டு, அவர் சொல்லும் ஊர்க்கதை முழுவதையும் கேட்டு முடித்து, கடைசியில் ஒரு வரியைக் குறித்து வருவது இலேசான வேலை அன்று.

எனது தயக்கம் வேறு இடத்தில். பொதுக்கணக்கு என்று ஒன்று வந்ததும் அதைச் சயத்துக்கு இறக்கும் ஆசையும் வரும். பல நாடுகளில் இத்தகைய கணக்குகளில் நிர்வாகக் கணக்கே ஊரிலேயே பெரிய கடனாளியாகி, உறுப்பினர்கள் நம்பிக்கை இழந்திருக்கிறார்கள். நிர்வாகி எழுதுவது அவருடைய உழைப்பு என்றாலும், அந்தச் சயத்தை அடைக்கப் பிறகு எவரும் முன்வருவதில்லை. ஆகவே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டோம். பொதுக்கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது. சேர்ந்தது இருந்தால் பிள்ளைகளுக்குக் கொடுப்போம், இல்லாவிட்டால் அடுத்த மாதம். என் பங்கை நான் வேண்டாம் என்றேன். பெருந்தன்மை என்று யாரும் எண்ண வேண்டாம்: கணக்கு எழுதவும் கேட்கவும் என் கடைக்கு வருகிறவர்கள் ரீலோட்டும் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

2024 மார்ச் 2

கென்யாவின் மொம்பாசாவில் 2013 இல் தொடங்கிய பங்களா பெசாவைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பங்களாதேஷ் என்று அழைக்கப்படும் அங்குள்ள ஏழைக் குடியிருப்பில் சிறு வியாபாரிகள் ஒருவருக்கொருவர் பிணை நின்று வெளியிட்ட சீட்டு அது. தொடங்கிய சில நாட்களிலேயே நிறுவியவரான வில் ரடிக்கையும் உடனிருந்த சிலரையும் கைதுசெய்தார்கள், பின்னர் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அதன் வழி வந்த முறை பின்னர் கைத்தொலைபேசிக்கு மாறியது, சராஃபு என்ற பெயரில்.

அங்கே நான் பார்ப்பது பிணை நின்ற வியாபாரிகளை. நிறுவியவர் கைதாகிய பிறகு, மரக்கறி விற்பவரும் தலைமுடி வெட்டுபவரும் "நானும் இதற்குப் பிணை" என்று போட்ட கையெழுத்தை மறுக்காமல் இருப்பதற்குத் துணிவு வேண்டும். நாங்கள் தாள் அடிப்பதில்லை. நாணயத்தாள் வெளியிடும் உரிமை இந்நாட்டில் மத்திய வங்கிக்கு மட்டும்தான். எங்களிடம் இருப்பது கொடுத்தது வாங்கியது பற்றிய குறிப்பு. அந்த எல்லையைத் தாண்ட வேண்டாம் என்று அடிக்கடி நினைவூட்டுகிற ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயையும் சவர்க்காரத்தையும் பங்கிட்டுப் பதிந்த கை அவருடையது. பங்கீட்டு அட்டையில் உள்ளதைவிட ஒரு போத்தல்கூடக் கூடுதலாகக் கொடுத்தால் வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு இல்லை என்பதை அவர் படித்தது அங்கேதான். வவுனியா வாசகரின் பெப்ரவரி 3 ஆம் திகதிக் கேள்விக்கு என்னைவிடச் சுருக்கமான பதில் அவரிடம் இருக்கிறது.

2024 மார்ச் 9

இதுவரை சகத்தில் நிற்பவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு நாளாக மறுபக்கம் மனதை அரிக்கிறது.

ஒருவர் சயத்துக்குப் போகாமல் இன்னொருவர் சகத்துக்குப் போக முடியாது. எல்லோரும் முதலில் உழைத்துச் சேர்த்துவிட்டுப் பிறகு செலவழிப்போம் என்று காத்திருந்தால் கணக்கு முதல் நாளே உறைந்துவிடும். யாராவது துணிந்து, கையில் ஒன்றுமில்லாமல், "எனக்கு உழவு வேண்டும், என் பெயரில் சயம் எழுதுங்கள்" என்று சொல்ல வேண்டும்.

இந்த மண்ணில் அது எவ்வளவு பாரமான சொல் என்பது வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காமல் இருக்கலாம். போருக்குப் பிறகு கதவு கதவாக வந்த நுண்கடனில் அகப்பட்டு, கிழமைக்கு ஒருமுறை வாசலில் வந்து நிற்கும் வசூல்காரருக்குப் பயந்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த பெண்கள் வன்னியில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். 2018 இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபா வரையான பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அப்படி வாழ்ந்த ஒருவரிடம் போய், உங்கள் கணக்கில் சயம் விழுந்தால் பயப்பட வேண்டாம், வட்டி இல்லை, வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்?

எங்களிடம் அப்படி முதலில் நம்பியவர் கண்டாவளைப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளோடு தனியே இருக்கும் ஒரு தாய். கச்சான் போட நிலம் கொத்த வேண்டியிருந்தது. கொத்தியவருக்குச் சகம் எழுதி, தமது பெயரில் சயம் எழுதியதைத் திரையில் இரண்டு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தார், வட்டியை எழுத வேறு இடம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியென்றால் இதில் உங்களுக்கு என்ன வருமானம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஊருக்குள் வேலை நடந்தால் என் கடைக்கும் ஆள் வரும் என்றேன். கச்சான் கிண்டியபோது அவித்த கச்சானைப் புள்ளிக்குக் கொடுத்து, சயத்தை அடைத்து, அதன்மேல் சகத்துக்கும் ஏறிவிட்டார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

ஆகவே என் பட்டியல் இப்போது மாறியிருக்கிறது. முதலில் வாங்கிக்கொண்டவர் ஒருவர், முதலில் கடன்பட்டவர் ஒருவர். ஃபினியைப் பற்றி எழுதியபோது இரண்டாமவருக்கு நான் இடம் வைக்கவில்லை, ஏனெனில் பிட்கொயினில் சயம் என்பதே கிடையாது. இந்த இரு வகை நாணயங்களுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. அங்கே நாணயத்தை உண்டாக்குவது மின்சாரம் தின்னும் கணினி, இங்கே ஒருவர் கொடுக்கும் வாக்கு.

2024 மார்ச் 10

"அப்படியென்றால் கடனாளிக்கு நன்றி சொல்லும் ஒரே வங்கி உங்களுடையதுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வங்கிகளும் சொல்கின்றன, வட்டியைக் கழித்துக்கொண்டு.

2024 மார்ச் 16

அறுவடை முடிந்து ஆட்கள் ஓய்ந்திருந்ததால் நேற்று எல்லோரும் கூடினோம். மதகடி அக்காவிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று நேரே கேட்டோம். இத்தனை நாளும் நாங்கள் அதைக் கேட்டதில்லை, எங்களிடம் இருப்பதைப் பட்டியலாகக் காட்டிக்கொண்டிருந்தோம். அவர் மூன்றைச் சொன்னார்: கடைக்கூரையின் ஓட்டைத் தகரங்களை அடுத்த மழைக்கு முன் மாற்ற வேண்டும், கிணற்றைச் சேறு அள்ளித் துப்புரவாக்க வேண்டும், மகள் சாதாரண தரப் பரீட்சைக்குக் கணக்கில் பின்தங்கி நிற்கிறாள்.

தகரம் காசுக்குத்தான் வாங்க வேண்டும், அது அவருடைய செலவு. ஏற்றும் கூலி புள்ளியில். ஆழமான சயத்தில் நின்ற மூன்று பேர் கூரையையும் கிணற்றையும் ஏற்றுக்கொண்டார்கள், வாரத்தில் இரண்டு மாலை கணக்குப் படிப்பிக்க ஓர் ஆசிரியை ஒப்புக்கொண்டார். வேலை முடியும்போது அக்காவின் சகம் பாதிக்குக் கீழே வரும், அவர்களுடைய சயமும் அதே அளவு குறையும். வவுனியா வாசகருக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். நன்றியாக அவருக்கு ஒரு புள்ளியும் கொடுக்கவில்லை, இருந்ததைச் செலவழிக்க வழி செய்தோம்.

நன்றி அறிவித்தலும் ஒன்று எழுதினோம். "எங்கள் சமூகத்திற்கு நன்றி" என்ற வரியை அதில் வைக்கவில்லை. யார் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதி, சம்மதித்தவர்களின் பெயரைப் போட்டு, என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கண்டாவளைத் தாய் தமது பெயர் வேண்டாம் என்றார், ஆகவே "முதலில் சயம் எழுதச் சொன்னவருக்கு" என்று இருக்கிறது. ஓய்வுபெற்ற கூட்டுறவு ஐயா அதை வாசித்துவிட்டு இரண்டு எழுத்துப் பிழை திருத்தினார், அதற்கும் நன்றி சேர்க்கலாமா என்று கேட்டேன், அதற்குப் புள்ளி எழுது என்றார்.

வவுனியா வாசகர் தாமும் சேரலாமா என்று நேற்றுத் தனியாகக் கேட்டிருந்தார். நேரில் தெரிந்த இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்பது விதி, ஏ-9 வீதியில் அவ்வளவு தூரத்திலிருந்து அது நடவாது. அங்கேயே தெரிந்த நாலைந்து வீட்டைச் சேர்த்துத் தொடங்குங்கள், கணக்குத் தாளின் வெற்றுப் படிவத்தை அனுப்பிவைக்கிறேன். கடைக்காரர் ஒருவரை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், அவருக்கு என்ன வேண்டும் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.